கம்பு பரணுக்குப் போவது ஏன்?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டது.

கோட்டூர்புரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அவன் சிலம்பாட்டம் பார்த்தான். கம்பு சுழன்ற வேகத்தில் கம்பே கண்ணுக்குத் தெரியவில்லை. "விர்... விர்..." என்று காற்றைக் கிழிக்கும் ஓசைதான் கேட்டது.

"அப்பா, நானும் சிலம்பம் கற்றுக்கொள்கிறேன்" என்றான்.

அப்பாவுக்கு மகிழ்ச்சி. மறுநாளே புதுக் கம்பு வந்தது.

முதல் நாள் இரண்டு மணி நேரம் சுற்றினான். இரண்டாம் நாள் மூன்று மணி நேரம் சுற்றினான். "சபாஷ்!" என்றார் அப்பா. பாட்டி சுற்றிப் போட்டாள்.

நான்காம் நாள் காலையில் கையைத் தூக்க முடியவில்லை. மணிக்கட்டு வீங்கி இருந்தது. ஐந்தாம் நாள் பயிற்சிக்குப் போகவில்லை. ஆறாம் நாளும் போகவில்லை. பத்தாம் நாள் கம்பு பரணில் ஏறியது!

இந்தப் பையனுக்குப் பெயர் இல்லை. ஏனென்றால், இவன் ஒரு வீட்டில் மட்டும் இல்லை. பல வீடுகளில் இருக்கிறான்.

அவனுக்கு ஆசை குறைவா? இல்லை. உடம்பில் தெம்பு குறைவா? அதுவும் இல்லை. பிறகு ஏன் கம்பு பரணுக்குப் போனது?

அளவு தெரியாததுதான் காரணம். ஆறு மாதத்தில் செய்ய வேண்டியதை அவன் ஆறு நாளில் செய்யப் பார்த்தான்.

முதலில் கால், பிறகு கம்பு

சிலம்பம் தமிழ்நாட்டின் பழைய வீர விளையாட்டு. கம்பு ஏறக்குறைய ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்கும். கம்பு சுற்றுவதைப் பார்ப்பவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள். ஆசான் பார்ப்பது காலை!

கால் சரியாக நின்றால்தான் உடம்பு நிற்கும். உடம்பு நின்றால்தான் கம்பு சுழலும். அதனால்தான் காலடிப் பாடம் முதலில் வருகிறது. முன் வைத்தல், பின் வாங்குதல், திரும்புதல், தாழ்ந்து எழுதல். இவற்றையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். புதிதாக வந்த பையனுக்கு அலுப்பாக இருக்கும். "கம்பு எப்போது தருவீர்கள்?" என்று கேட்பான்.

அந்த அலுப்பில் ஒரு நன்மை மறைந்து இருக்கிறது. காலடி பழகும் நாட்களில் முழங்காலும் கணுக்காலும் இடுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக உரம் ஏறுகின்றன. பிறகு கம்பு கைக்கு வரும்போது உடம்பு அதற்குத் தயாராக இருக்கிறது.

போட்டியில் "தொடுமுறை" என்று ஒரு பிரிவு உண்டு. எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டால் புள்ளி. பலமாக அடிப்பவன் ஜெயிப்பது இல்லை. சரியான நேரத்தில் சரியான இடத்தைத் தொடுபவன்தான் ஜெயிக்கிறான். இந்த நிதானம் ஒரு மாதத்தில் வந்துவிடாது.

ஏழு வயதில் தொடங்கிய அம்மா

நிதானமாகப் பழகினால் எவ்வளவு தூரம் போகலாம்? பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஓர் அம்மா அதைக் காட்டி இருக்கிறார்.

அவர் பெயர் மீனாட்சி அம்மா. ஊர் கோழிக்கோடு மாவட்டத்தில் உள்ள வடகரை. ஏழு வயதில் களரிப்பயிற்று கற்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பெண்கள் வயதுக்கு வந்ததும் களரியை விட்டுவிடுவது வழக்கம். இவர் விடவில்லை. தமக்குக் கற்றுக்கொடுத்த ராகவன் குருக்களையே மணந்தார். குழந்தைகள் பிறந்தன. குடும்பப் பொறுப்பு வந்தது. அப்போதும் விடவில்லை. கணவர் மறைந்த பிறகு, அவர் 1949-ல் தொடங்கிய கடத்தநாடன் களரி சங்கத்தைத் தாமே நடத்தினார்.

2017-ம் ஆண்டில் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அப்போது அவர் எழுபத்தைந்து வயதைத் தொட்டிருந்தார். அந்த வயதிலும் சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் வாளும் கேடயமும் ஏந்திக் களத்தில் இறங்கினார். தம்மைவிட மிகவும் இளைய ஆண்களோடு அவர் மோதிய காட்சியை நாடே பார்த்து வியந்தது.

களரியில் படிப்படியாகத்தான் ஏற முடியும். முதல் படி மெய்த்தாரி. அதாவது, உடம்பைப் பக்குவப்படுத்துதல். இரண்டாவது கோல்தாரி, மரத்தால் ஆன ஆயுதங்கள். மூன்றாவது அங்கத்தாரி, வாள், ஈட்டி முதலிய உலோக ஆயுதங்கள். கடைசியில் வெறுங்கை. உடம்பு பக்குவப்படாதவர் கையில் வாளைக் கொடுப்பது இல்லை.

ஏழு வயதில் தொடங்கியவர் எழுபத்தைந்திலும் வாள் வீசினார். நடுவில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் உடம்பைக் கசக்கிப் பிழிந்திருந்தால் இது நடந்திருக்குமா?

54 வயதில் ரிக்‌ஷாவில் சிலம்பம்

கோட்டூர்புரத்தைத் தொட்டு ஓடுகிறது அடையாறு. அதே ஆற்றை ஒட்டி மேற்கே போனால் ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆர். வாழ்ந்த இடம்.

1971-ல் வந்த "ரிக்‌ஷாக்காரன்" படத்தைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறக்கமாட்டார்கள். ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே எம்.ஜி.ஆர். கம்பு சுற்றிச் சண்டை போடுவார். அவர் பிறந்தது 1917-ல். அப்படியானால், அந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 54!

சிறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். பாட்டு, நடனம், கத்திச் சண்டை எல்லாம் பழகியது அங்கேதான். பிள்ளைப் பருவத்தில் பழகிய கை, ஐம்பதைத் தாண்டியும் கை கொடுத்தது.

தபால் ஊழியர்கள் சொன்ன பாடம்

"அதிக நேரம் பழகினால் சீக்கிரம் வரும் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் தபால்களைப் பிரிக்க எந்திரம் வந்தது. ஊழியர்கள் தட்டச்சு கற்க வேண்டி இருந்தது. அவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியது. இன்னொரு குழு இரண்டு மணி, மறுபடியும் இரண்டு மணி என்று நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம் பழகியது. இந்த ஆராய்ச்சியை ஆலன் பேட்லி என்ற அறிஞரும் அவரோடு ஆராய்ந்த இன்னொருவரும் 1978-ல் வெளியிட்டார்கள்.

முடிவு என்ன?

எழுத்துப் பலகையைக் கற்றுக்கொள்ள, ஒரு மணிக் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரம் பிடித்தது. நான்கு மணிக் குழுவுக்கோ சுமார் 50 மணி நேரம்! நாட்களை எண்ணினால் நான்கு மணிக் குழுதான் முந்தியது. ஆனால், ஒரே பாடத்துக்கு அவர்கள் 15 மணி நேரம் அதிகமாக உழைத்தார்கள். சில மாதம் கழித்துச் சோதித்தபோது, ஒரு மணிக் குழுவுக்குத்தான் கற்றது நன்றாக நினைவில் நின்றது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எந்தக் குழுவுக்கு மனக்குறை அதிகம் தெரியுமா? நன்றாகக் கற்ற ஒரு மணிக் குழுவுக்குத்தான்! "மற்றவர்கள் நம்மை முந்திவிட்டார்களே" என்ற குறை.

பெற்றோர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று மணி நேரம் பழகுகிறான் என்றதும் மனம் பதறும். அந்தப் பதற்றத்தில்தான் பிள்ளையை விரட்டத் தோன்றும்.

ஓய்விலும் வேலை நடக்கிறது

பயிற்சி செய்யும்போது தசைகள் களைக்கின்றன. மிக நுண்ணிய காயங்களும் ஏற்படும். பிறகு சாப்பிட்டு, தூங்கி, ஓய்வு எடுக்கும்போது உடம்பு அவற்றைச் சரிசெய்கிறது. முன்பைவிடச் சற்று உறுதியாகவும் ஆக்குகிறது. பலம் ஏறுவது அந்த ஓய்வில்தான். ஓய்வே கொடுக்காவிட்டால், பழைய காயம் ஆறுவதற்குள் புதிய காயம்.

இன்னொரு செய்தி. தசை சீக்கிரம் பலம் பெறும். தசையை எலும்போடு கட்டி வைக்கும் நார் மெதுவாகத்தான் பலம் பெறும். "கை பலமாகிவிட்டதே!" என்று வேகத்தைக் கூட்டுகிறான் பையன். உள்ளே இருக்கும் நார் இன்னும் தயாராகவில்லை. வீக்கம் வருகிறது.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். அவர்களுடைய எலும்புகளின் முனையில் வளரும் பகுதி உண்டு. அது மென்மையானது. ஒரே அசைவை அளவுக்கு மீறிச் செய்தால் அங்கே வலி வரும். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளுக்கு முழு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது.

அளவு மிகவும் மீறினால் ஆபத்தே வரலாம். பழக்கம் இல்லாதவர் ஒரே நாளில் கடுமையாகப் பயிற்சி செய்தால், சில சமயம் தசை சிதைந்துபோகும். அதிலிருந்து வரும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாங்க முடியாத உடம்பு வலியோடு சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

புரூஸ் லீக்கு வந்த சோதனை

உலகப் புகழ் பெற்ற சண்டை வீரர் புரூஸ் லீ. அவருக்கே ஒரு பாடம் கிடைத்தது.

1970-ம் ஆண்டு. சுமார் 57 கிலோ எடையைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சியைச் செய்தார். உடம்பைச் சரியாகச் சூடுபடுத்திக்கொள்ளாமல் செய்துவிட்டார் என்கிறார்கள். முதுகில் பலத்த அடி. பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். "இனிமேல் காலைத் தூக்கி உதைக்க முடியாது" என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவர் மனம் தளரவில்லை. மெல்ல மெல்லத் தேறினார். 1971 முதல் அவர் நடித்த படங்கள் அவரை உலகம் எங்கும் கொண்டு சென்றன. ஆனாலும், முதுகு வலி அவரை முழுவதுமாக விட்டுவிடவில்லை.

இரும்பு போன்ற உடம்புக்கே இந்தக் கதி. பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எம்மாத்திரம்?

சாதனை ஆசை

இன்று சிலம்பத்துக்கு நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. பெண் பிள்ளைகளும் ஆர்வமாகக் கம்பு எடுக்கிறார்கள்.

இதோடு சேர்ந்து சாதனை ஆசையும் வளர்ந்திருக்கிறது. பல மணி நேரம் தொடர்ந்து கம்பு சுற்றினார்கள் என்று செய்திகள் வருகின்றன. சான்றிதழ் கிடைக்கிறது. புகைப்படம் வருகிறது. வீட்டில் பெருமை.

பெருமைப்படுவது தவறு இல்லை. ஆனால், ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை அடுத்த மாதமும் கம்பு சுற்றுகிறதா? அடுத்த வருஷமும் ஆசானைத் தேடிப் போகிறதா? போனால் அதுதான் சாதனை. போகாவிட்டால், சுவரில் சான்றிதழ் தொங்கும். பரணில் கம்பு தூங்கும்.

வெந்நீர் ஆறிவிடும்

அளவு மட்டும் போதுமா? விடாமலும் செய்ய வேண்டும்.

கராத்தேயை ஜப்பானில் பரப்பிய பெரியவர் கிச்சின் புனகோஷி. 1868-ல் ஒகினாவா தீவில் பிறந்தார். சிறு வயதில் நோஞ்சான் பிள்ளை! பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே, இரவு நேரத்தில் ஆசான் வீட்டு முற்றத்தில் பழகினார். ஒரே பாடத்தை மாதக் கணக்கில் செய்யச் சொல்வாராம் ஆசான். "சரி" என்று ஆசான் சொல்லும் வரை அடுத்த பாடம் கிடையாது.

அப்படிப் பழகியவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1922-ல் டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயை அரங்கேற்றினார். 1957 வரை, கிட்டத்தட்ட தொண்ணூறு வயது வாழ்ந்தார்.

கராத்தேயை அவர் வெந்நீருக்கு ஒப்பிட்டார். அடுப்பில் நெருப்பு இருக்கும் வரைதான் வெந்நீர். நெருப்பை அணைத்தால் தண்ணீர் ஆறிவிடும். உடம்பும் அப்படியே. இரண்டு மூன்று வாரம் பயிற்சியை விட்டாலே மூச்சுத் திறன் குறையத் தொடங்கும்.

வெந்நீருக்குப் பெரிய நெருப்பு தேவை இல்லை. சின்ன நெருப்பு போதும். அணையாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம்? எப்படி?

கோட்டூர்புரம் போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடுகள்தான் அதிகம். கூடத்தில் கம்பு சுற்றினால் மின்விசிறி போய்விடும்! அதற்காகப் பயிற்சியை விட வேண்டியது இல்லை. காலடிப் பாடத்துக்குக் கம்பு வேண்டாம். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். கம்பு வீச்சை ஆசான் இருக்கும் மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும்போது தினம் கால் மணி நேரம் போதும். அதில் முதல் ஐந்து நிமிடம் கை, கால், தோள், இடுப்பை மெதுவாக அசைத்து உடம்பைச் சூடாக்க வேண்டும். கால் மணி சுலபமாகிவிட்டதா? ஐந்து நிமிடம் கூட்டலாம். ஒரேயடியாக இரட்டிப்பு ஆக்கக் கூடாது.

அளவு சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பயிற்சியின்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். பேசவே முடியாவிட்டால் குறைக்க வேண்டும்.

வலியிலும் இரண்டு வகை. தசையில் வரும் வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதற்குப் பயப்பட வேண்டாம். மூட்டில் வலி, வீக்கம், ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தும் வலி வந்தால் நிறுத்த வேண்டும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சென்னை வெயில் சாதாரண வெயில் அல்ல. கோடையில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது. மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு செய்யலாம். தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஒரு கணக்குச் சொன்னது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் உழைப்பு வேண்டும். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் ஆகிவிடும். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினம் சராசரி ஒரு மணி நேரம். பயந்துவிட வேண்டாம்! ஓடிப் பிடித்து விளையாடுவதும் சைக்கிள் ஓட்டுவதும் அந்த ஒரு மணியில் சேரும். எல்லாவற்றையும் கம்பிலேயே தீர்க்க வேண்டும் என்பது இல்லை.

தாத்தா, பாட்டியும் வரலாம்

தற்காப்புக் கலை பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

சீனாவில் தாய்ச்சி என்று ஒரு கலை உண்டு. அதுவும் சண்டைக் கலையாகப் பிறந்ததுதான். இன்று முதியவர்கள் பூங்காக்களில் கூடி மெதுவாக, ஆற்றில் படகு போவதுபோல, கை கால்களை அசைக்கிறார்கள். தொடர்ந்து இதைச் செய்யும் முதியவர்கள் தடுக்கி விழுவது குறைகிறது என்று பல ஆராய்ச்சிகள் காட்டி இருக்கின்றன. வயதான காலத்தில் விழாமல் இருப்பதைவிடப் பெரிய தற்காப்பு ஏது?

பேரன் கூடத்தில் காலடி பழகும்போது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தாத்தாவும் பாட்டியும் நாலு அடி மெதுவாக எடுத்து வைக்கலாம். பிள்ளைக்கும் துணை. அவர்களுக்கும் நன்மை.

ஆறு சொல்லும் செய்தி

2015 டிசம்பரில் அடையாறு பெருகியது. கோட்டூர்புரத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அங்கே இருந்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

அதே தண்ணீர் அளவாக வந்தால் ஏரி நிறையும், கிணறு ஊறும், ஊர் குடிக்கும். ஒரேயடியாக வந்தால் ஊர் தாங்காது. வராமலே போனாலும் தாங்காது. பயிற்சியும் தண்ணீர் மாதிரிதான்.

முதலில் சொன்ன பையனை மறந்துவிடவில்லை அல்லவா? அவன் கை வீக்கம் வற்றி இருக்கும். ஆசையும் எங்கும் போய்விடவில்லை. அப்பா நாற்காலி போட்டு ஏறி, கம்பை இறக்கித் தூசி தட்டிக் கொடுக்கட்டும். "எவ்வளவு நேரம் சுற்றினாய்?" என்ற கேள்வியை விட்டுவிடட்டும்.

"இன்றைக்கும் போனாயா?" என்று மட்டும் கேட்கட்டும்.

"போனேன் அப்பா!" என்ற பதில் தினமும் வந்தால் போதும். கம்பு மறுபடியும் பரண் ஏறாது.